தாய்லாந்து நோட்டு

— திண்டிவனத்துல எறங்க மாட்டேன்னா எறங்க மாட்டேன் செல்வி. உனக்குத் திண்டிவனம்னு ஒண்ணு, எனக்குக் கிளாம்பாக்கம்னு ஒண்ணு, கண்டக்டரு மணிமாறன் டிக்கெட்டு கிழிச்சிக் குடுத்தத நீயும்தான பாத்த?

— எறங்காம எங்கப்பா போவ? நேத்து வந்து எறங்கியிருக்கா உன் மருமவ, ரெண்டு வயசுப் புள்ளையத் தூக்கிக்கினு. அவ ஊருக்குக் கூட போவல. எம் புருஷன் எங்கன்னு கேக்க நேரா இங்க வந்திருக்கா. என் வூட்டு வாசல்லயே உக்காந்துக்கினு கெடக்கறா. மாமனாரு வருவாருன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— நீ ஏன் சொன்ன?

— ஆஸ்பத்திரில லீவு போட்டுட்டு விழுப்புரம் வந்தேன்ப்பா, உன்னை இழுத்துக்கினு போவ. வந்து பாத்தா நீ பொட்டி கட்டிக்கினு நிக்கற. பொட்டிக்கு மேல இந்த நோட்டு.

— அதக் குடு.

— குடுக்க மாட்டேன். முப்பது வருஷம் கண்டக்டரு. லீவு லெட்டரக் கூட அடுத்தவனத்தான் எழுதச் சொல்லுவ. இப்ப நோட்டு பூரா தாய்லாந்து பாஷை. சொல்லு பாப்போம், உன் புள்ள கூப்ட்டானா? அங்க போறதுக்குத்தான் இந்தப் படிப்பா?

— கத்தாத. டோல்கேட்டு வந்துடுச்சு, வண்டில எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும். பொண்டாட்டி புள்ளைய குவைத்துல வுட்டுட்டு, பேங்காக்ல கம்ப்யூட்டர் வேலைன்னு போனான். ரெண்டு மாசமா அவளுக்கு ஒரு போன் இல்ல, எனக்கும் இல்ல. ஓடிப் போய்ட்டான். நீயும் பின்னாடியே கெளம்பிட்ட.

— நாக்க அடக்கிப் பேசு.

— எப்படி அடக்கறது? மரிசெல் குவைத்துல என்கூட ஒரே ரூம்ல இருந்தவ. எனக்கு ஜுரம்னா ராவெல்லாம் முழிச்சிக்கினு இருந்தவ. எங்க அண்ணன் பிரான்சிஸ் தங்கமானவன்னு அவகிட்ட சொன்ன வாய்ப்பா இது. நீ கல்யாணத்துக்கும் வரல. மூணு வருஷத்துல அவகிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பியா?

— அவ பாஷை எனக்கு வராது.

— தாய்லாந்து பாஷை மட்டும் வருதா? ரெண்டுல எது சுலுவுன்னு தெரியுமா உனக்கு? அவ பேசற ஃபிலிப்பினோவ ஏபிசிடிலதான் எழுதறாங்க. எழுதுனத அப்படியே படிக்கலாம். மேசைய மேசான்னுதான் சொல்றாங்க. பெரியவங்கன்னா கடைசில ஒரு போ போடணும், நம்ம ங்க போடற மாதிரி. சலாமத் போன்னா நன்றிங்க. அவ்ளோதான்.

— போன்னா மரியாதையா?

— ஆமா. உன்னைப் பாத்து சொன்னா நம்ம அர்த்தமே பொருந்தும்.

— அதுலயும் பேஜாரு இருக்குதுன்னு நீதான ஒரு நாள் சொன்ன? சாப்ட்டான், சாப்பிடறான், சாப்பிடுவான், ஒவ்வொண்ணுக்கும் சொல்ல ஒடைச்சி நடுவுல எதையோ சொருகணுமாமே.

— சொருகினா போவுது. நான் கத்துக்கலையா?

— தாய்லாந்து பாஷைல அந்தத் தொல்லை கெடையாது. நேத்திக்கு, இன்னிக்கு, நாளைக்கு, எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. இருக்கான்னாலும் இருந்தான்னாலும் ஒண்ணுதான். எனக்கு அது புடிச்சிருக்குது.

— எழுத்து? நாப்பத்தி நாலு எழுத்தாம். சொல்லுக்கு நடுவுல எடமே வுடாம ஒட்டி ஒட்டி எழுதுவாங்களாம். இந்த வயசுல உனக்குத் தேவையா?

— எழுத்து எனக்கெதுக்கு? தமிழ்லயே எழுதிக்கினேன். கொரலுதான் முக்கியம். மைன்னு ஒரு சொல்லு இருக்குது. மேல தூக்குனா கட்டை. கீழயே வெச்சா புதுசு. மேலருந்து எறக்குனா இல்லன்னு அர்த்தம். அஞ்சு இழுப்பு இருக்குது அதுல. செல்போன்ல ஒரு பொம்பள சொல்லிக் குடுக்குது, நான் எப்டி இழுத்தாலும் தப்புங்குது. நானும் வுடல. விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்னு முப்பது வருஷம் இழுத்த கொரலு.

— அந்த ரோஷத்துல பாதி மருமவகிட்ட பேசறதுல இருந்திருக்கலாம்.

— சவுரி அண்ணே, பாப்பா திண்டிவனம் தான? இன்னும் பத்து நிமிஷம். முன்னாடி படிக்கு வரச் சொல்லுங்க.

— வரும் மணிமாறா, நீ டிக்கெட்டப் பாரு.

— நான் இந்த நோட்டப் படிக்கப் போறேன், கேளு. மொதப் பக்கம். வணக்கம். எனக்குத் தண்ணி வேணும். பஸ் ஸ்டாண்டு எங்க இருக்குது. நல்லா ஊர் சுத்திப் பாக்கப் போற.

— செல்வி.

— அடுத்த பக்கம். இந்தப் போட்டோவப் பாருங்க. இவர எங்கயாவது பாத்தீங்களா. இவருக்கு எடது புருவத்துல ஒரு தழும்பு இருக்குது. இன்னாப்பா இது?

— போதும், குடு.

— அண்ணன் உன்னைக் கூப்பிடலியா?

— கூப்பிடல. வேலைன்னு கூட்டிக்கினு போய் பாஸ்போர்ட்டப் புடுங்கிக்கினானுங்க. எவன் போன்லயோ ரெண்டு நிமிஷம் பேசுனான். எப்படியாவது தப்பிச்சி வந்துடறேன், மரிசெல்கிட்டயும் செல்விகிட்டயும் சொல்லாத, பயந்துடுவாங்கன்னான். அதோட சரி.

— ரெண்டு மாசம். வாராவாரம் உன் எதிர்ல உக்காந்து அவன வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். சாவட்டும்னு கூட சொன்னேன். நீ கேட்டுக்கினு உக்காந்திருந்த.

— அவன் சொல்லாதன்னான்.

— அவன் சொன்னா? நான் யாருப்பா உனக்கு? என்னை எதுக்கு இந்தப் பாவத்துல வுட்ட?

— எனக்கு இன்னா தெரியும் செல்வி. போலீஸ்ல எழுதிக் குடுத்தேன். கலெக்டராபீஸ்ல குடுத்தேன். எங்க தப்பிச்சி வந்தாலும் ஒரு பஸ்ஸுல ஏறித்தான ஆவணும், பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா போய் நின்னா மொகத்தக் கண்டுபுடிச்சிடலாம்னு நெனச்சேன். அதுக்குத்தான் படிச்சேன்.

— சரி, தேடப் போ. நான் தடுக்கல. ஆனா இங்க எறங்கி, அந்தப் பொண்ணுகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. உன் புருஷன் உன்னை வுட்டுட்டு ஓடல, அவனத் தேடித்தான் போறேன்னு சொல்லு. அவ பாஷைல நான் சொல்றேன், நீ பக்கத்துல நின்னா போதும்.

— அவ மொகத்தப் பாக்க என்னால ஆவாது.

— ஏன் ஆவாது? இன்னும் இன்னா வீம்பு உனக்கு?

— திண்டிவனம், திண்டிவனம். எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க. அண்ணே, பாப்பாவ எறங்கச் சொல்லுங்க.

— எறங்கும்மா.

— நீ சொல்ற வரைக்கும் எறங்க மாட்டேன். கடைசிப் பக்கத்துல ஒண்ணையே நாப்பது தடவ எழுதி வெச்சிருக்க. இதுக்கு மட்டும் தமிழ்ல அர்த்தம் எழுதல. இன்னாப்பா இது?

— திங்கக்கெழமை எம்பசிலருந்து போன் வந்துது செல்வி. அது வந்து, மொகத்து மேல இருக்கற துணிய எடுங்க, நான் இவனோட அப்பா.