எண்ணெய் பூசிய எட்டு போல்ட்டுகள்

கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவது என் கடை வழக்கம், ஐயா. புதுசு போட்டானா, ஏமாற்றினானா என்று பிறகு யாரும் பேசக்கூடாது பாருங்கள். தெங்கேராவில் இருபத்தாறு வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். வீரமுத்துவின் பையை மலாக்கா முழுக்க நம்புவார்கள். கவிநேசனும் நம்பினான்.

அவனை எனக்கு முன்பே தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் கோலா சுங்கை பாரு சாலையில் அவன் மோட்டார் சைக்கிளைத் தலைதெறிக்க ஓட்டி விழுந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் மகள் திவ்யதர்ஷினி. அவனுக்குக் கை முறிந்தது. அவள் போய்விட்டாள். விபத்து என்றால் விபத்து, அதைக்கூட விழுங்கியிருப்பேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவனிடம் என் மனைவி வாணி, ஏனப்பா அவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்டாள்.

"நான் ஏறச் சொல்லல ஆண்ட்டி. அவளாத்தான் ஏறுனா," என்றான்.

அந்தச் சொல் எனக்கு ஆறவே இல்லை. சோற்றில் கை வைத்தால் அதுதான் கேட்கும். இவனை விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

போன மாதம் அவனே வந்தான். புதிதாக வாங்கிய நாலு சிலிண்டர் மோட்டார் சைக்கிள். அதன் வேகம் போதவில்லையாம். இஞ்சினைப் பிரித்து, உள்ளே பிஸ்டன்களைத் தாங்கும் கனெக்டிங் ராட்களைத் தேய்த்து எடை குறைக்க வேண்டுமாம்.

"ராட் வேலைன்னா உங்கள விட்டா ஆளில்ல அங்கிள். பழச மனசுல வச்சிக்காதீங்க லா."

வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

வேலையில் குறை வைக்கவில்லை. நாலு ராடும் ஒரே எடைக்கு வரும்வரை தேய்த்தேன். ஒவ்வொரு ராடையும் இரண்டு போல்ட்டுகள்தான் பிடித்திருக்கும். ஒருமுறை முறுக்கிய போல்ட் நீண்டுபோயிருக்கும். கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். எட்டுப் புதுசை அவன் கண்முன்னாலேயே பிரித்துக் காட்டினேன். அவன் போனதும் பழைய எட்டையே உள்ளே மாட்டினேன். புதுசு பழசுபோல் தெரியக் கறுப்பெண்ணெய் பூசி, வழக்கம்போல் பையில் போட்டு வைத்தேன்.

வண்டி எடுக்க வந்த அன்று அவனுக்கு நிச்சயமான பெண்ணும் கூட வந்திருந்தாள். தேவிஸ்ரீ. வணக்கம் அங்கிள் என்றாள், மரியாதையான பிள்ளை. கையில் ஹெல்மெட் வைத்திருந்தாள். பையைக் கொடுத்து, கொஞ்ச நாளைக்குப் பின்னால் யாரையும் ஏற்றாதே என்று அவனிடம் தெளிவாகத்தான் சொன்னேன். அவன் சிரித்தான். அவள் ஹெல்மெட்டை மாட்டினாள். நான் கை கழுவப் போய்விட்டேன்.

தங்கா பத்து ஊரைத் தாண்டும்போது போல்ட் அறுந்து, ராட் இஞ்சினைப் பிளந்து, எண்ணெய் பின்சக்கரத்தில் கொட்டியது என்கிறீர்கள். அப்படித்தான் ஆகும். இந்தத் தடவையும் பின்னால் இருந்தவள்தான் போய்விட்டாள். அவன் பிழைத்துக்கொண்டான், கால்தான் போனது. எனக்கு வருத்தமெல்லாம் அவன் பிழைத்ததில்தான்.

அவன் வீட்டிலிருந்து எடுத்த பையை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். துடைத்துப் பாருங்கள், எட்டும் ஒருமுறைகூட முறுக்காத புதுசு. செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

தேவிஸ்ரீயின் அப்பா வெளியே உட்கார்ந்திருக்கிறார், என் மகள் உனக்கு என்ன செய்தாள் என்று கேட்க வேண்டுமாம். தாராளமாக வரச் சொல்லுங்கள். அந்தப் பெண்மேல் எனக்கு என்ன கோபம்? நான் ஏறச் சொல்லவில்லை. அவளாகத்தான் ஏறினாள்.