கேட்ட காகிதம் மட்டும்

அந்தத் தாளில் குண்டூசி குத்தாதீர்கள் சார், ஆறே மாதத்தில் துருப்பிடித்துவிடும். கிளிப் போடுங்கள். இருபத்திரண்டு வருடமாக எல்லைச் சாவடியில் கிளியரிங் ஏஜெண்டாக இருக்கிறேன்; அந்தப் பக்கத்திலிருந்து சரக்கு கொண்டுவருகிறவர்களுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதுவரை என்மேல் ஒரு புகார் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் முதல் நாளே மனப்பாடமாகிற விதி ஒன்று உண்டு. அதிகாரி கேட்ட காகிதத்தைக் கொடு, கேட்காததை நீட்டாதே. நீட்டினால் அதிலிருந்து நாலு கேள்வி முளைக்கும், லாரி நாலு நாள் நிற்கும். நான் ஒருநாளும் இந்த விதியை மீறியதில்லை. அண்ணன் விஷயத்திலும் மீறவில்லை. அதற்காகவா ஒரு மனிதனைப் பல்கூடத் துலக்கவிடாமல் ஸ்டேஷனுக்குக் கூட்டிவருவது?

அண்ணன் நாடகக் குழு நடத்தினார். மேடையிலும் வீட்டிலும் அவர்தான் ராஜா. போன வருட நாடகத்தில் ஒரு குமாஸ்தாவை வைத்திருந்தார். பெயர் ரப்பர் ஸ்டாம்ப். பெண்டாட்டி முத்தம் கேட்டால், மூன்று பிரதியில் விண்ணப்பம் கொடு என்பான். அவனுக்கு என் மூக்குக்கண்ணாடி, என் நடை, என் தொண்டைச் செருமல். எனக்குக் கோபமே வரவில்லை சார். கலை வேறு, குடும்பம் வேறு. என் மனைவி பதினோரு இடத்தில் சிரித்தாள், மகள் பதினாலு இடத்தில். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் எண்ணினேன்.

இந்த வருட நாடகத்துக்கு அவருக்குப் பழங்காலக் கைத்துப்பாக்கி ஒன்று தேவைப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கொல்லர் நகல் செய்கிறார். குழாயை ஈயம் ஊற்றி அடைத்துவிடுவார். ஊதினால் காற்றுகூடப் போகாது. ஆனால் பார்வைக்கு அசல். நூறு வயதான அசல் என்றால் ஒரு சட்டம், நகல் என்றால் இன்னொரு சட்டம், சுடும் என்றால் ஜெயில். பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான், இது நகல், சுடாது என்று செய்தவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும் என்று விதி இருக்கிறது. கொல்லர் அதை என் ஆபீசுக்கே கூரியரில் அனுப்பினார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அப்படி ஒன்று இருப்பதே அண்ணனுக்குத் தெரியாது. படிவத்தைக் கண்டால் ராஜாவுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

நாடக வேனில் அவரே அதை எடுத்துவந்தார். கவுண்டரில் புது அதிகாரி. பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நாடகத்துக்குங்க, டூப்பு," என்று அண்ணன் சிரித்தார். "பேப்பரெல்லாம் தம்பிகிட்ட கேளுங்க. அதுக்குன்னே பொறந்தவன் அவன்."

கவுண்டரில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"துப்பாக்கி லைசென்ஸ் இருக்கா?"

"இல்லைங்க," என்றேன்.

பொய்யா சார் அது? நகலுக்கு ஏது லைசென்ஸ்? அவர் சான்றிதழைக் கேட்கவில்லை. துப்பாக்கி சோதனைக்கூடத்துக்குப் போனது. அண்ணனை உள்ளே வைத்தார்கள்.

அவருக்கு ஏற்கெனவே இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அண்ணி மாத்திரைகளைக் கொடுத்தனுப்பினாள். உள்ளே விட டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள், உடனே கொடுத்தேன். கேட்டால் கொடுக்காத ஆள் இல்லை நான்.

தினமும் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ராஜா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார்.

"எல்லாப் பேப்பரும் குடுத்துட்டியாடா?"

"கேட்டதெல்லாம் குடுத்துட்டேண்ணே."

எட்டாம் நாள் வலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உன்னை மேடையில வச்சுக் கேலி பண்ணினேன். பெரிய தப்புடா. நீ இல்லேன்னா நான் ஒண்ணுமே இல்ல. எப்படியாவது வெளியே எடுத்துருடா."

மறைப்பானேன், எனக்கு அது இனித்தது. சான்றிதழ் என் மடியிலிருந்த பைக்குள்தான் இருந்தது. எழுந்து பத்தடி நடந்து அங்கிருந்த அதிகாரியின் மேஜையில் வைத்தால் முடிந்தது. ஆனால் அந்தப் பேச்சை இன்னொரு தரம் கேட்க வேண்டும்போல இருந்தது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில் உள்ளேயே நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார். சுடாது என்ற சோதனைக்கூடத்துக் கடிதம் பன்னிரண்டாம் நாள் வந்தது. அரசாங்க வேகத்துக்கு அது சீக்கிரம்தான்.

கொல்லரின் சான்றிதழ் வந்ததா என்று முதன்முதலாகக் கேட்டது நீங்கள்தான் சார். இதோ. அன்றிலிருந்து இந்தப் பையிலேயே இருக்கிறது. ஒரு மூலைகூட மடங்கவில்லை, பாருங்கள். இவ்வளவு பத்திரமாக வைத்திருந்த ஒருவனைப் போய்க் கொலைகாரன் என்கிறீர்கள்.

நேற்றுகூட அண்ணி வாசல்வரை வந்து என்னை வழியனுப்பினாள். "உங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணினீங்க தம்பி," என்றாள்.

அது கேள்வி இல்லையே சார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.