கைராசிக்காரி

எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் யாரைக் கேட்டாலும் என் கைராசியைப் பற்றிச் சொல்வார்கள். பிள்ளை வரம் கேட்டு அம்மன் கோயில் மரத்தில் தொட்டில் கட்டும் பெண்கள், முடிச்சை மட்டும் என்னைப் போடச் சொல்வார்கள். அத்தனை பிரசவம் பார்த்த கை, பலிக்கும் என்று நம்பிக்கை. நானும் மறுப்பதில்லை.

கனகாம்பாளுக்கு ஸ்கேன் எடுத்த டாக்டர் நீங்கள். உங்களிடம் மறைத்துப் பயனில்லை. அவள் என் தம்பி சிவராஜின் மனைவி.

சுவரில் இருக்கும் படத்தைப் பார்க்கிறீர்களா? பன்சொடான் தெருப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன்காரர், நம் துறைதான். சின்ன ஊர் வைத்தியராகத் தொடங்கிப் பேராசிரியராக உயர்ந்தவர். கத்துகிற, அழுகிற, புருஷனோடு ஒத்துப்போகாத பெண்களின் சினைப்பைகளை எடுத்துவிட்டுச் சாந்தமாக வீட்டுக்கு அனுப்பினார். பிற்காலத்தில் அவரைக் காட்டுமிராண்டி என்றார்கள். அவர் செய்துவைத்த கருவிகளை மட்டும் இன்றும் வைத்துக்கொள்கிறோம். நன்றி கெட்ட தொழில்.

சிவராஜ் கை நீட்டுவான். கனகாம்பாள் தெருவே கேட்கக் கத்துவாள். ஒருநாள் இடுப்பில் கட்டிய லோஞ்சியை விலக்கித் தொடையில் கன்றியிருந்ததைக் காட்டினாள்.

"மதினி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஒங்க தம்பி கேப்பாரு."

சொல்லியிருந்தால் கேட்டிருப்பான். ஆனால் தாயில்லாமல் நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். முகம் சுண்டினால் எனக்குத் தாங்காது. இரண்டு கை தட்டினால்தானே ஓசை? ஒரு கையை நிறுத்தினேன்.

அவளுக்கு இடப்பக்கம் சின்னக் கட்டி இருந்தது நிஜம். அதை மட்டும் எடுத்திருக்கலாம். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தேன். கட்டியை எடுத்தாயிற்று என்று அவளிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை. மாதவிலக்கு நின்றால் சந்தேகப்படுவாள் என்று, அது வருவதற்கான மாத்திரையைச் சத்து மாத்திரை என்று நானே கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு முறை விலக்காகும்போதும் என்னிடம்தான் வந்து அழுவாள். அந்த அழுகையிலும் இப்போது சத்தமில்லை.

போன ஆடியில் தொட்டிலோடு வந்தாள்.

"இந்த வருசமும் இல்லேன்னா என்னைத் தள்ளி வச்சிருவாரு, மதினி. ஒங்க கையால நல்லா இறுக்கிப் போடுங்க."

ஆபரேஷனில் போடும் முடிச்சையே போட்டுக் கொடுத்தேன். அது அவிழாது. அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

சிவராஜ் இப்போது அவளை அடிப்பதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேயில் வேறொருத்தியோடு இருக்கிறான். அந்தப் பெண்ணை நேற்று என்னிடம் அழைத்து வந்தான். நல்ல பெண்தான், என்னை மரியாதையாகப் பர்மியத்தில் சயாமா, டாக்டரம்மா, என்று கூப்பிட்டாள். புருஷனைத்தான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறாள். திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறேன்.