பதினாறு மெழுகுக் கட்டிகள்

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு தவறு செய்தேன். பெரிலியத் தகட்டின் தடிமனை, ஆற்றலை எழுத வேண்டிய கட்டத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பகலில் முழுநேரம் படித்தவர்கள் இப்படித் தப்பு செய்வார்களா என்று மாலை வகுப்பு மாணவியான எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

ஆனாலும் இன்று கால் தரையில் பாவவில்லை. வகுப்புக்கு நடக்கையில் தெருவில் தனியாகச் சிரித்தேன். ஒரு நாய்கூட ஒதுங்கிப் போயிற்று.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபா துகள்களைப் பெரிலியத்தின் மேல் மோதவிடுகிறோம். மோதினால் நியூட்ரான்கள் தெறிக்கும். ஒவ்வோர் ஆற்றலிலும் எத்தனை தெறிக்கின்றன என்று எண்ணுகிறோம். ஓரிடத்தில் எண்ணிக்கை மேடாக உயரும் என்று நான் கணித்திருந்தேன். யாரும் நம்பவில்லை. மூன்று மாதமாக மேடும் வரவில்லை.

குற்றம் மெழுகுக் கட்டிகளுடையது. நியூட்ரான்களைத் தடுப்பதற்காகச் சுவரோர இரும்புப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தார்கள். அவை சில நியூட்ரான்களைத் திருப்பியனுப்பி என் கருவியைக் குழப்பின. அதனால் பதினாறு கட்டிகளையும் கிடங்குக்கு மாற்றினேன், ஒரு நாளைக்கு நான்காக, ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்து. பெட்டி மூடியே இருப்பதால் வெளியே வித்தியாசம் தெரியாது. இது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

சுவருக்கு அப்பால் எங்கள் எண்களை வரைபடமாக்கும் அக்கா உட்காருகிறார். அவருக்கு ஐந்தாவது மாதம். இன்று மதியம் புது எண்களை வாங்கிக்கொள்ளத் தாளை நீட்டியபடி வந்தார்.

"என்னடி, மாப்பிள்ளை பாத்துட்டுப் போன மாதிரி சிரிக்கிற?"

"மேடு வந்துடுச்சுக்கா."

"அடிப்பாவி, நிஜமாவா? அப்ப உனக்கும் எனக்கும்தான் போட்டி." வயிற்றைத் தட்டிக்கொண்டார். "ஆமா, என் பேட்ஜை எங்க காணோம்?"

உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்கிற பேட்ஜ் அது.

"மேல்மாடி அலமாரியில வச்சிருக்கேன்க்கா. மாசக் கடைசியில நானே அனுப்பிடறேன். நீங்க எதுக்குப் படி ஏறிக்கிட்டு?"

"உன்னைக் கட்டிக்கப்போறவன் குடுத்து வச்சவன்."

மேல்மாடிக்கு எந்தக் கதிரும் எட்டாது. பேட்ஜின் அளவு சுத்தமாக இருக்கும்.

நான் யோசிக்காதவள் இல்லை. போன வாரம் அக்கா சாப்பிடப் போயிருந்தபோது அவருடைய நாற்காலியில் கருவியை வைத்து அளந்தேன். எண் பெரிதாகவே வந்தது. நோட்டில் எழுதவில்லை. ஒரே ஓர் அளவை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். இரண்டாம் முறை அளக்க நேரம் அமையவில்லை.

கட்டிகளை எடுத்தவள் நான். பேட்ஜை அங்கே வைத்தவளும் நான். யார் கேட்டாலும் சொல்வேன். மேடு மட்டும் பொய்யில்லை. அவ்வளவு அழகாக இருக்கிறது.

நாளைய வேலை: மேட்டின் இருபுறமும் ஒன்பது புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். அக்கா டாக்டரிடம் போக அரைநாள் விடுப்பு கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் போகச் சொல்ல வேண்டும்.