ஸ்டெப்னி களவு போன உப்பு லாரி

இல்ல டிரைவரே, களவு போச்சுன்னு நீங்க சொல்லுதீய, நான் இல்லைன்னா சொன்னேன்? ஹார்பர் க்யூவுல நிக்கும்போது லாரியவே உருட்டிட்டுப் போற ஆளுக இருக்காங்க, ஸ்டெப்னி என்ன பெரிய காரியமா. அந்த ஸ்டூல நெழலுக்கு இழுத்துப் போட்டு உக்காருங்க. முன் டயரு முழுசா உக்காந்துட்டு. ஜாக்கி போட்டுத்தான் கழத்தணும்.

ஆனா சும்மா சொல்லக்கூடாது. தூத்துக்குடியிலேர்ந்து திருச்செந்தூர் வரைக்கும் எத்தன பஞ்சர் கடை கெடக்கு, உங்க லாரிக்கு மட்டும் கரெக்டா என் கடை வாசல்லதான் காத்து போவுது. இந்த பிளாரன்ஸே ரோட்டுல ஆணி போடுதாளாம்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு உண்டு, எனக்கும் தெரியும். போட்டா எல்லா லாரியும் நிக்கணும்லா. உங்க லாரி மட்டும்லா நிக்கி.

ஸ்டெப்னி வச்சிக்கிடணுமா வேண்டாமான்னு என்ட்டயா கேக்கீய? எல்லாரும் ஸ்டெப்னியத் தூக்கிட்டு அலைஞ்சா என் அடுப்புல பூனதான் தூங்கும். அதனால வேண்டவே வேண்டாம்ம்பேன். சிரிக்காதீய, நெசமாத்தான். நம்ம காயல்பட்டணம் நவாஸ் இருக்காருல்லா, உங்கள மாரி உப்பு லோடு அடிக்காரே, அவரு ஸ்டெப்னி இல்லாம தெருமுக்கு கூடத் தாண்ட மாட்டாரு. ஒருநாளு அங்கன உப்பளத்துக்கிட்ட பஞ்சரு. ஸ்டெப்னிய எறக்குவோம்னு போனா, போல்ட்டுல உப்புத் தண்ணி எறங்கி எறங்கி துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு. மனுசன் தொங்கிப் பாத்துருக்காரு, ஏறி மிதிச்சுப் பாத்துருக்காரு, அசையல. கடைசில போன் வருது, ஏளா பிளாரன்ஸ், கொஞ்சம் வந்து இந்த ஸ்டெப்னிய அறுத்து எடுத்துக் குடுன்னு. போய் அறுத்து எறக்குனா, அதுலயும் காத்து இல்ல. வாங்குன நாளுலேர்ந்து எவன் அதத் தட்டிப் பாத்தான்?

எங்க அண்ணன் வேற மாரி சொல்லுவான். மணப்பாட்டுல வள்ளம் வச்சிருக்கான்லா. நடுக்கடல்ல பஞ்சர் கடை கெடையாது, அதனால கடலுக்குப் போறவன் எல்லாத்தையும் ரெண்டா வச்சிக்கிடணும், ரோட்டுல போறவனுக்கு வழியில மனுசங்க இருக்காங்கம்பான். அவன் பேச்சுல ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்யி.

டீ ஆறுது, குடிங்க. கப்புல கிரீஸ் இருந்தா தொடச்சிக்கிடுங்க. நீங்க தொடைக்க மாட்டீய, தெரியும். என்னயப் பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் என் கையப் பாத்துட்டு காப்பிய கீழ வச்சாங்க.

ஆமா, நாளையிலேர்ந்து மங்களூர் லைனாமே. நவாஸ் சொன்னாரு. இந்த ரோட்டுப் பக்கமே வரமாட்டீயளாமே. எனக்கு வருத்தந்தான், ஒளிக்க என்ன இருக்கு. என்னமோ சொல்ல வாறீய, நான் நிமுந்து பாத்தா வெயில் ஜாஸ்திங்கீய. போன தடவயும் இப்படித்தான், வாயத் தொறந்துட்டு டீ நல்லாருக்குன்னீய. இன்னைக்கு விட்டா எப்ப சொல்லுவீய? சரி, பின்னாடி கொழாய்ல தண்ணி வருது. போயி மூஞ்சி கழுவிட்டு தெம்பா வாங்க. நான் அதுக்குள்ள டியூபப் பாத்துருதேன்.

வந்துட்டீயளா. என்ன இன்னும் வேர்க்கி?

வேல முடிஞ்சிட்டு. காத்து அடிச்சி மாட்டியாச்சி. துட்டு ஒண்ணும் வேண்டாம், ஒட்டுனாத்தான துட்டு. எங்க ஓட்டைன்னா கேக்கீய? நானும் அதத்தான் தேடுனேன். ஓடும்போது காத்து போன டயரத் தொட்டா கை சுட்டுரும். இது பான மாரி சில்லுன்னு இருக்கு. டியூபத் தொட்டியில முக்குனேன், ஒரு கொப்புளங்கூட வரல. வால்வத் தொறந்து விட்டா காத்து போவத்தான் செய்யும் டிரைவரே. பொறவு லாரி மேலயும் ஒரு ஏறு ஏறிப் பாத்தேன். தார்ப்பாய்க்கு அடியில உங்க களவு போன ஸ்டெப்னி சொகமா படுத்துக் கெடக்கு. தட்டிப் பாத்தேன். காத்து கல்லு மாரி இருக்கு. நவாஸ விட நீங்க தேவல.

தலையத் தொங்கப் போடாதீய. கோவமா இருந்தா இவ்வளவு நேரம் பேசிட்டா இருப்பேன். நேத்தே அண்ணனுக்கு போன் போட்டுட்டேன். செந்தில்முருகன்னு ஒரு டிரைவரு, நல்ல மனுசன், என்னயக் கேக்கத்தான் வாறாரு, கேக்க மட்டும் வாய் வரமாட்டேங்கு, அதனால நானே சரின்னு சொல்லிரப் போறேன்னு சொன்னேன். அண்ணன் ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சு வீட்டுலதான் இருப்பானாம். உங்கம்மாவையும் கூட்டிட்டு வாங்க. வேதக்காரங்க வீடான்னு கேப்பாவ, ஆமான்னு சொல்லுங்க. மிச்சத்த நான் பேசிக்கிடுதேன்.

இந்தாங்க, பானாவப் பிடிங்க. கடைசி நட்ட மட்டும் நீங்களே முடுக்குங்க. நான் போயி சூடா இன்னொரு டீ போடுதேன்.