மறுபாதி மீனுக்கு மரியாதை தந்தவருக்கு

தலையும் தோலும் முள்ளும் தூக்கி எறிவதற்கல்ல என்று தலைநிமிர்ந்து சொன்னவரே! கொதிக்கும் தொட்டியின் முன் கோபப்படாமலும், கோப்புகளின் முன் குனியாமலும் முப்பத்தோராண்டு நின்றவரே! சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பூனைச் செருகிக்கொண்டு வலம் வந்த எங்கள் ஆய்வுக்கூடத் தலைவியே! வணக்கம்.

பாராட்டுக்கு முன் ஒரு வாக்குமூலம். உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் உங்களை 'ஸ்பூன் மேடம்' என்றுதான் சொல்லி வந்தோம். உங்களுக்குத் தெரியாது என்று நம்பியும் இருந்தோம். போன வாரம் தொலைபேசியில் யாரிடமோ, "ஆமாங்க, ஸ்பூன் மேடம்தான் பேசறேன்" என்றீர்கள். எங்களில் மூன்று பேர் அந்த நொடியே மேசைக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கினோம்.

அந்த ஸ்பூனின் கதையை உங்கள் வீட்டார் முன்னிலையில், குறிப்பாக முதல் வரிசையில் கால்நீட்டி அமர்ந்திருக்கும் உங்கள் மாமியார் முன்னிலையில், இன்று சொல்லியாக வேண்டும். அவருக்கும் அதில் பங்கு உண்டு.

நீங்கள் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கூடத்தில் கோழித்தீவனம் மட்டுமே தயாரானது. ஒரு மீனை வெட்டினால் சதைத்துண்டாகக் கடைக்குப் போவது ஏறக்குறையப் பாதிதான். தலை, தோல், முள், முள்ளோடு ஒட்டிய சதை என்று மறுபாதி 'கழிவு' என எழுதிய நீல வாளியில் விழும். வாளி வெயிலில் நிற்கும். லாரி வரும்போது வரும். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த வாளிகளைக் கடந்து நடந்தவர் நீங்கள். ஒருநாள் நின்றுவிட்டீர்கள். "இதுல இருக்கிற புரதம் கடைக்குப் போற பாதிக்கு ஒண்ணும் சளைச்சதில்ல. ஆஸ்பத்திரில மெல்ல முடியாம எத்தனை பேர் இளைச்சுக் கிடக்கிறாங்க, நாம கோழிக்குப் போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றீர்கள்.

அப்படிப் பிறந்தது நம் பிரிவு. அந்த மறுபாதியை அரைத்து, இளஞ்சூட்டு நீரில் நொதி சேர்த்தால், பெரிய புரதம் சின்னத் துண்டுகளாக உடையும். உரிய நேரத்தில் சூட்டை ஏற்றி நொதியை அடக்கி, எண்ணெயையும் முள்ளையும் பிரித்து, நீரை உலர்த்தினால் வெளிர்நிறப் பொடி கிடைக்கும். கஞ்சியில் கலந்து கொடுத்தால், மெல்ல வலுவில்லாத உடம்புக்கும் புரதம் போய்ச் சேரும். கேட்க எவ்வளவு எளிது! முதல் தொட்டிப் பொடியை நீங்கள் நாக்கில் வைத்தபோது உங்கள் முகம் போன போக்கை, அங்கிருந்த எவரும் இன்றுவரை மறக்கவில்லை. அவ்வளவு கசப்பு.

நொதியை அளவுக்கு மீறி விட்டுவைத்தால் கசக்கும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். "நொதி நம்மள மாதிரி இல்ல, நடுவுல டீ குடிக்கப் போகாது. நாமதான் நிறுத்தணும்" என்பீர்கள். ஆகவே நேரத்தைக் குறைத்தோம். சூட்டை மாற்றினோம். நொதியையே மாற்றினோம். ஏழு மாதம்! ஒவ்வொரு தொட்டியின் முதல் ஸ்பூனையும் நீங்களே சுவைத்தீர்கள். முதல் ஸ்பூனைச் சுவைக்காமல் எந்தப் பையும் வாசல் தாண்டக் கூடாது என்ற வழக்கம் அப்போது பிறந்ததுதான்.

கசப்பு குறைந்ததே தவிரப் போகவில்லை. ஆஸ்பத்திரியின் உணவு நிபுணர் முதல் மாதிரியைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவதையும் திருப்பினார். "சத்து இருக்கு மேடம், நான் இல்லைன்னு சொல்லல. உள்ள போனாத்தானே அது சத்து? எல்லாரும் துப்பிடறாங்க" என்றார் அவர். மறுநாளே மேலாளர் உங்களை அழைத்தார். மூன்றாவது மாதிரியும் திரும்பினால் பிரிவை மூடுவது, தொட்டிகளைத் தீவனத்துக்கே மாற்றுவது, எங்கள் பதினான்கு பேரையும் திசைக்கொருவராய்ப் பிரித்துப் போடுவது என்று முடிவாகியிருந்தது. மூன்று மாதக் கெடு. "மேடம், கோழி எப்பவாவது புகார் சொல்லிருக்கா? அதுக்கே திரும்பிடலாம்" என்று அவர் சிரித்தாராம். நீங்கள் சிரிக்கவில்லை. எங்களிடம் வந்து, "மூணு மாசம் இருக்கு. யாரும் வேற வேலை தேட வேணாம்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அன்று மாலை ஒரு சிட்டிகைப் பொடியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போய், கஞ்சியில் கலந்து மாமியாரிடம் கொடுத்தீர்கள். ஒரு வாய் வைத்தார். "ஏம்மா, என்னைச் சீக்கிரம் அனுப்பி வைக்கணும்னா நேராவே சொல்லிடேன்" என்றார். பிறகு நாக்கைச் சப்புக்கொட்டி, "மீன் கழுவத் தெரியாதவ வச்ச குழம்பு மாதிரி இருக்கு. பித்தப்பையை உடைச்சிட்டா யாரோ" என்றார்.

ஏழு மாத ஆராய்ச்சிக்கு ஒரு வாய்க் கஞ்சியில் விடை கிடைத்தது. ஆனால், அந்த விடையின் முழு வெட்கமும் மறுநாள் காலையில்தான் எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து மீன் வெட்டும் கூடம் நாற்பது அடி தூரம். பிரிவு தொடங்கிய நாள் முதல் எங்களில் ஒருவர்கூட அந்த நாற்பது அடியை நடந்ததில்லை. வாளி வரும், வாங்குவோம், அரைப்போம். முதல் ஆளாக நீங்கள் நடந்தீர்கள். நாங்கள் பின்னால் வந்தோம். அங்கே வெட்டுமேசைத் தலைவி ஒரே இழுப்பில் தலையைப் பிடுங்கினார். தலையோடு குடலும், குடலோடு பித்தப்பையும் சேர்ந்து வந்தன. எல்லாமே நீல வாளியில் விழுந்தன. வாளிக்குள் பச்சையாய்ப் பித்தநீர் வழிந்தது.

"இப்படியா போடுவீங்க?" என்றீர்கள்.

"வேற எப்படிப் போடறது? குப்பைக்குப் பொட்டு வச்சுப் பூ வைக்கணுமா?" என்றார் அவர், நிமிராமலே.

"இதை மனுஷங்க சாப்பிடறாங்க."

கத்தி நின்றது. "மனுஷங்களா? கோழிக்குத்தானே போகுது?"

"ஏழு மாசமா ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குத்தான் செய்யறோம்."

அவர் கத்தியை மேசைமேல் வைத்தார். "அட, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வீட்டுல எங்க கையால ஒரு மீன்ல பித்தம் உடைஞ்சிருக்கா, கேட்டுப் பாருங்க. படிச்ச பதினாலு பேர் இருக்கீங்க, ஒருத்தருக்குக்கூட வாய் இல்லையா?"

எங்களில் எவருக்கும் வாய் இருக்கவில்லை என்பதே அன்றைய உண்மை. நொதியைச் சந்தேகித்தோம், சூட்டைச் சந்தேகித்தோம், தண்ணீரைக்கூடச் சந்தேகித்தோம். மீனைத் தொடும் கைகளிடம் அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று சொல்ல மட்டும் தோன்றவில்லை. "முதல் தப்பு என்னோடது" என்று அந்தக் கூடத்தில் எல்லோர் முன்பும் நீங்கள் சொன்னீர்கள். அதைவிடப் பெரிய பட்டம் எதையும் உங்கள் பெயருக்குப் பின்னால் எங்களால் போட முடியாது.

சொன்னதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கை பழகிய வேகம் லேசில் மாறாது. குடலைத் தனியே எடுத்தால் வேலை தாமதமாகும் என்று வெட்டும் கூட மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். நீங்கள் ரப்பர் செருப்பும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு வெட்டுமேசையில் பதினோரு நாள் அமர்ந்தீர்கள். முதல் நாள் பத்து மீனில் ஏழில் பித்தப்பையை உடைத்தீர்கள். "மேடம், அது செத்து ரொம்ப நேரமாச்சு. இன்னும் ஏன் கொல்றீங்க?" என்று மேசையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளும் வந்தீர்கள். ஒன்பதாம் நாள் வெட்டுமேசைத் தலைவியே வழி கண்டார். கழுத்தில் சாய்வாக ஒரு வெட்டு, தலை தனியே வரும். பிறகு கட்டைவிரலால் ஒரு தள்ளு, குடல் முழுசாக வேறு தொட்டியில் விழும். மேற்பார்வையாளர் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார், வேலை ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை.

வாளிகளில் இருந்த 'கழிவு' என்ற எழுத்தை நீங்களே கத்தியால் சுரண்டி, 'மறுபாதி' என்று எழுதினீர்கள். சதைத்துண்டுக்குக் கிடைத்த அதே பனிக்கட்டி அந்த வாளிக்கும் கிடைத்தது.

மூன்றாவது மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கெடுவில் நான்கு நாட்களே மிச்சம். நாங்கள் வராந்தாவில் சுவரோடு சுவராக நின்றோம். வெட்டுமேசைத் தலைவியும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். உணவு நிபுணர் வேண்டுமென்றேதான் முதல் கிண்ணத்தை, இரண்டு முறையும் துப்பிய முன்னாள் லாரி ஓட்டுநரிடம் கொடுத்தார். பெரியவர் எங்களை ஒரு முறை முறைத்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கிண்ணம் காலியானதும் வாயைத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "உப்பு பத்தல!"

வராந்தாவே அதிரக் கைதட்டினோம். பாவம், தன் புகாருக்கு எதற்கு இவ்வளவு ஆரவாரம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அதன்பின் நீங்கள் ஓய்ந்தீர்களா? பால்கட்டிக் கூடத்தில் வடித்துக் கொட்டிய தெளிநீரைத் தேடிப் போனீர்கள். எண்ணெய் பிழிந்த பருப்புச் சக்கையைத் தேடிப் போனீர்கள். எங்கே போனாலும் முதலில் அங்கே அதைக் கையால் தொடுபவரிடம்தான் பேசினீர்கள். இன்று ஆறு ஆஸ்பத்திரிகளில் நம் பொடி கஞ்சியில் கரைகிறது. எல்லாம் அந்த நாற்பது அடியின் நீட்சிதான்.

நேற்று உங்கள் மேசையைக் காலி செய்தீர்கள். ஸ்பூன் யாருக்கு என்று ஆய்வுக்கூடத்தில் ஓசையில்லாமல் ஒரு போட்டியே நடந்தது. நீங்கள் அதைக் கழுவித் துடைத்து, நேராக வெட்டும் கூடத்துக்கு நடந்து, தலைவியின் கையில் வைத்தீர்கள். எங்களுக்குச் சற்றுப் பொறாமைதான். ஆனால் அதுதான் நியாயம். கசப்பை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர், அது எங்கே தொடங்கும் என்று தெரிந்தவரே.

எங்கள் ஸ்பூன் மேடம் அவர்களே! உடல்நலமும் உள்ளநலமும் நிறைந்து நெடுங்காலம் வாழுங்கள். உங்கள் மாமியார் இன்னும் பல்லாண்டு உங்கள் கஞ்சியைக் குறை சொல்லட்டும். உப்பு மட்டும் என்றும் சரியாக இருக்கட்டும். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அடுத்த தொட்டி திறக்கும். முதல் ஸ்பூன் வெட்டுமேசைத் தலைவியுடையது. அவர் முகம் சுளித்தால் ஒரு பைகூட வாசல் தாண்டாது, மேலாளரே வந்து நின்றாலும்.

இங்ஙனம்,
மறுபாதி வாளியைத் தொடும் கைகள் அனைத்தும்:
முதலில் வெட்டும் கூடத்தார்,
அடுத்து ஆய்வுக்கூடத்தார்