டீயும் பன்னும் சாப்பாடுங்களா?

ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரைக்கு நின்றபோது, எனக்கு முன்னால் இருந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். பனியன் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுபவர், சேலையெல்லாம் நூல் துணுக்கு.

“நேத்து என்னங்கம்மா சாப்பிட்டீங்க?” என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தபடி நர்ஸ் கேட்டாள்.

“காலையில ரெண்டு இட்லி, ராத்திரி ஒரு தோசைங்க.”

“அதுக்கு இவ்வளவு சர்க்கரை ஏறாதுங்களே. கம்பெனியில டீ குடிக்கறதில்லீங்களா?”

“நாலு டீ, ரெண்டு பன்னு. அது வேலைக்குத் தர்றது கண்ணு. நீங்க சாப்பாட்டைத்தானே கேட்டீங்க?”

“உங்க மகன்கிட்டச் சொல்லட்டுங்களா?”

“சொன்னா நாளைக்கே வேலைக்குப் போகாதேம்பான். டீயில சர்க்கரையை நிறுத்தறேன், பன்னையும் நிறுத்தறேன். வேலையை நிறுத்த மாட்டேன். அப்படியே எழுதிக்குங்க.”

நர்ஸ் எழுதினாள்.

“சீக்கிரம் மாத்திரை குடுங்க சாமி, பதினோரு மணி டீ வர்றதுக்குள்ள போகோணும்.”